குரலோடு ஓடும் சிறு இன்ஜின்: ஹைதராபாத் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை

மாதிரி ரயில் என்றதும் நம்மில் பலருக்குப் பேட்டரி போட்டு வட்டமாகச் சுற்றவிடும் பொம்மைதான் நினைவுக்கு வரும். இந்தத் துறை அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஒரு சாண் நீள இன்ஜினுக்குள் இன்று நுண்கணினி, ஒலிப்பதிவுகள் நிறைந்த நினைவகம், மோட்டார் கட்டுப்பாடு, ஸ்பீக்கர் எல்லாம் அடங்கிவிடுகின்றன. இவற்றில் செய்வதற்கு மிகக் கடினமானது, டீசலிலும் மின்சாரத்திலும் மாறி மாறி ஓடும் இருவகை இன்ஜினின் மாதிரி. அதற்கு இரண்டு குரல்கள் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்தச் சில நொடிகளும் நம்பும்படி ஒலிக்க வேண்டும்.

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஆர்வலர் தம் ஊர் இருவகை இன்ஜினைக் கடையில் வாங்கிக்கொள்கிறார். ஓர் இந்திய இன்ஜினை அதன் சொந்தக் குரலோடு வாங்க நினைப்பவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. இதற்கு என்ன காரணம், எந்தத் தடைகளை நீக்க முடியும், எங்கிருந்து தொடங்கலாம் என்று இக்கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு வேண்டிய அறிவும் தொழிலும் ஹைதராபாத்தில் இருக்கின்றன. ஆனால் மாதிரியைக் கட்டுவதற்கும் முன்னால் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: குறைந்துகொண்டே வரும் டீசல் இன்ஜின்களின் ஒலியை முறையாகப் பதிவு செய்வது.

இருவகை இன்ஜின் எது?

நம் பெருவழிப் பாதைகளில் ஓடும் டீசல் இன்ஜின்களிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்சாரம்தான். டீசல் இயந்திரம் ஜெனரேட்டரையோ ஆல்டர்னேட்டரையோ சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் சக்கர அச்சுகளில் உள்ள டிராக்ஷன் மோட்டார்களை இயக்கும். ஆனால் இங்கே பேசப்படும் இருவகை இன்ஜின் வேறு. தன் டீசல் இயந்திரத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும். வெளியே உள்ள கம்பியிலிருந்தோ மூன்றாவது தண்டவாளத்திலிருந்தோகூட எடுக்கும்.

அமெரிக்காவில் நியூ ஹேவன் ரயில்வே 1956 முதல் 1960 வரை வாங்கிய 60 எஃப்.எல்.9 இன்ஜின்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. நியூயார்க் நகரின் சுரங்கப் பாதைகளுக்குள் டீசல் புகை கூடாது என்பதால், நகரை நெருங்கியதும் அவை மூன்றாவது தண்டவாள மின்சாரத்துக்கு மாறின. பிரிட்டனில் 1962இல் ஈஸ்ட்லீ தொழிற்சாலையில் தொடங்கிய கிளாஸ் 73 வகையில் 49 இன்ஜின்கள் கட்டப்பட்டன. மின்சாரத்தில் 1600 குதிரைத்திறன், டீசலில் 600 குதிரைத்திறன். மின்பாதை இல்லாத துறைமுகக் கிளைகளிலும் யார்டுகளிலும் வேலை பார்க்க அந்த 600 போதுமானதாக இருந்தது. ஸ்டாட்லர் நிறுவனம் கட்டிய 10 கிளாஸ் 88 இன்ஜின்கள் இதன் இன்றைய வாரிசுகள். மேலே 25,000 வோல்ட் கம்பியிலிருந்து 4000 கிலோவாட், டீசலில் 700 கிலோவாட்.

இந்த எண்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு வழிகளிலும் ஒரே அளவு வலிமை கிடைப்பது அரிது. 25,000 வோல்ட்டைக் குறைக்கக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதோடு பெரிய டீசல் இயந்திரத்தையும் ஆல்டர்னேட்டரையும் எரிபொருள் தொட்டியையும் ஏற்றினால் அச்சுப் பளு எல்லை மீறும். அதனால் டீசல் பகுதியைச் சிறியதாக்கிவிடுகிறார்கள். நீண்ட தூரமும் பெரும் பளுவும் கொண்ட இந்தியாவுக்கு அது போதாது. இங்கும் முயற்சிகள் நடந்தன. வாரணாசியில் டபிள்யூ.டி.ஏ.பி.-5 என்ற இருவகைப் பயணிகள் இன்ஜின் உருவாக்கப்பட்டது. ஜபல்பூர் கோட்டத்தில் 2020இல் பேட்டரியிலும் மேல்கம்பியிலும் ஓடும் ‘நவ்தூத்’ ஷண்டிங் இன்ஜின் வந்தது. இவை எதுவும் பெருவாரியாகப் பரவவில்லை. மின்மயமாக்கல் வேகமெடுத்ததில் இருவகை இன்ஜினுக்கான தேவையே சுருங்கிவிட்டது.

ஆனால் டீசலும் மின்சாரமும் அடுத்தடுத்து ஒலிக்கும் அனுபவம் நமக்குப் புதிதல்ல. மின்பாதை முடியும் இடத்தில் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டும் காட்சியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. ஈரோட்டிலும் காசிப்பேட்டையிலும் டீசல் ஷெட்டும் மின்சார ஷெட்டும் உண்டு. ஹைதராபாத்தில் மௌலா அலி டீசல் ஷெட்டுக்கும் லாலாகுடா மின்சார ஷெட்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். ஒரே இன்ஜினில் இரண்டு குரல் என்பதை மாதிரியில் சரியாகச் செய்யக் கற்றுவிட்டால், இந்த இரண்டு ஷெட்டுகளின் இன்ஜின்கள் அனைத்தையும் தனித்தனியே செய்வது எளிதாகிவிடும். இருவகை இன்ஜினை இந்தத் துறையின் உரைகல்லாக நான் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

தண்டவாளம் வழியே வரும் கட்டளை

பழைய மாதிரி ரயிலில் தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். இதில் ஒலிக்கு இடமே இல்லை. வண்டி நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். ஆனால் உண்மையான டீசல் இன்ஜின் நிலையத்தில் நிற்கும்போதும் குமுறிக்கொண்டேதான் இருக்கும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டவும் பழைய முறையில் வழியில்லை.

இதைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்த அஸ்ட்ராக் முறை 5 இன்ஜின்களைத் தனித்தனியே இயக்கியது. 1979இல் ஹார்ன்பி அறிமுகப்படுத்திய ஸீரோ 1 முறை 16 இன்ஜின்களை இயக்கியது. 1980களின் நடுவில் மேர்க்லின் 80 முகவரிகளுக்கு வந்தது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் ஒரு பொதுத் தரத்தை வகுத்தது. அதுதான் டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாடு. நீண்ட முகவரிகள் 10,239 வரை போகின்றன. தரம் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருப்பதால் இன்ஜினுக்குள் கட்டளையைப் படிக்கும் ஒரு நிறுவனத்தின் டிகோடரை மற்றொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்கலாம். இந்தத் துறை வளர்ந்ததற்கு இந்தத் திறந்த தரமே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் திசை மட்டும் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும். ஒவ்வொரு பாதி அலையும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோ நொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் அது 0. இந்த 1, 0 வரிசையில் முகவரியும் கட்டளையும், பிழை இருக்கிறதா என்று பார்க்க ஓர் எண்ணும் போகும். எல்லா இன்ஜின்களும் எல்லாக் கட்டளையையும் கேட்கும். தன் முகவரிக்கு வந்ததை மட்டுமே நிறைவேற்றும். மின்சாரமும் செய்தியும் ஒரே தண்டவாளத்தில் வருவதால் இன்ஜின் நின்றாலும் அதன் குரல் நிற்பதில்லை.

ஓட்டத்தின் இயல்பையும் எண்களால் அமைக்கலாம். டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார இன்ஜினின் எடை 123 டன். அதை மாதிரிகளின் பரவலான அளவுக்கு, அதாவது 87 மடங்கு, சுருக்கினால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 87 மடங்கு குறைவதால் எடை சுமார் 187 கிராமுக்கு வந்துவிடும். அவ்வளவு லேசான பொருள் சட்டென்று பாயும், சட்டென்று நிற்கும். நிஜ இன்ஜினின் நிதானம் அதற்கு இயல்பாக வராது. டிகோடரில் சி.வி.3 என்ற இடத்தில் வேகமெடுக்கும் நேரத்தையும் சி.வி.4 என்ற இடத்தில் நிற்கும் நேரத்தையும் கூட்டி வைத்தால், 187 கிராம் பொருள் 123 டன் பொருள்போல் நகரும். டீசல் குரல் முதலில் எழுந்து, அதற்குப் பிறகு சக்கரம் மெல்ல உருளும்போதுதான் கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன.

ஒலியின் கணக்கு

நீளத்தைச் சுருக்குவதுபோல ஒலியைச் சுருக்க முடியாது. இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இங்குதான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பில் வந்த நம் பழைய டீசல் இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். 1962இல் அமெரிக்காவிலிருந்து வரத் தொடங்கி, 1964 ஜனவரியிலிருந்து வாரணாசியிலேயே கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 வகையின் வலிமை 2600 குதிரைத்திறன். 16 சிலிண்டர், நான்கு வீச்சு இயந்திரம். நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு 53 வெடிப்பு. வலிமைப் படிகளான நாட்சுகளில் கடைசியான எட்டாவதில் 1000 சுற்றுக்குப் போகும்போது நொடிக்கு 133. பின்னால் வந்த டபிள்யூ.டி.ஜி.-4 போன்ற இ.எம்.டி. நிறுவன வடிவமைப்பு இன்ஜின்களில் இருப்பது இரண்டு வீச்சு இயந்திரம். அதிலும் 16 சிலிண்டர்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். சுமார் 900 சுற்றில் நொடிக்கு 240 வெடிப்பு. ஆல்கோவின் விட்டு விட்டு வரும் கனத்த குமுறலும் இ.எம்.டி.யின் விடாத ரீங்காரமும் வேறுபடுவதற்கு இதுவே அடிப்படை.

விரல் நுனி அளவு ஸ்பீக்கரால் 53 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பவே முடியாது. பல நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது வலுவிழந்துவிடும். ஆனாலும் நம் காதுக்கு ஒரு திறமை இருக்கிறது. அடிச்சுருதி இல்லாமல் அதன் மேற்சுரங்கள் மட்டும் சரியாக வந்தால், இல்லாத அடிச்சுருதியை மனமே நிரப்பிக்கொள்ளும். தெளிவான பதிவு, ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்று கசியாத சிறு பெட்டி, வண்டியின் கூட்டுக்குள் கவனமான பொருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால் மேசைமேல் ஆல்கோவைக் கேட்கலாம். பதிவு மோசமாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த டிகோடரும் உதவாது.

இருவகை இன்ஜினில் இந்த வேலை இரட்டிப்பாகிறது. டீசல் குரலில் முதலில் எரிபொருள் பம்ப் ஒலி, பிறகு பேட்டரியால் இயந்திரத்தைச் சுழற்றும் கிராங்க், பிறகு அது பற்றிக்கொள்ளும் உறுமல். நாட்ச் ஏறும்போது டர்போ சீழ்க்கை கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்தப் பிந்தலும் பதிவில் இருக்க வேண்டும். மின்சாரக் குரலுக்கு நம் டபிள்யூ.ஏ.பி.-4 மின்சார இன்ஜின் நல்ல சான்று. காற்றழுத்தம் இல்லாத நிலையில் லோகோ பைலட் முதலில் பேபி கம்ப்ரஸரை ஓட்டுவார். அழுத்தம் ஏறியதும் கூரைமேல் உள்ள மின்னெடுப்பானான பான்டோ எழுந்து கம்பியைத் தொடும். டி.ஜே. என்ற முதன்மை மின் சுவிட்ச் மூடும்போது ஒரு பலத்த அறைதல். அடுத்து டிரான்ஸ்ஃபார்மரின் 100 ஹெர்ட்ஸ் முனகல், ஆர்னோ கன்வெர்ட்டர் வேகமெடுக்கும் ஊளை, புளோயர்களின் காற்றோசை. வண்டி நகரும்போது டேப் சேஞ்சர் 32 நாட்சுகளில் ஒவ்வொன்றாய் ஏறும் சத்தம். இந்த வரிசை தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டே இன்ஜினின் நிலையைச் சொல்வார். மாதிரிக்கும் அதே வரிசை வேண்டும்.

ஜெர்மனியின் இ.எஸ்.யூ. நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடர் 128 மெகாபிட் நினைவகத்தோடு 10 ஒலிகளை ஒரே நேரத்தில் எழுப்பும். ஆஸ்திரியாவின் ஸீமோ, அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் ஆகியவையும் இத்துறையின் முன்னணிப் பெயர்கள். ஒரு பொத்தானுக்கு டீசல், இன்னொரு பொத்தானுக்கு மின்சாரம் என்று அமைத்து, பான்டோவைச் சிறு மோட்டாரால் தூக்கவும் முடியும். மாதிரியில் மின்சாரம் எப்போதும் தண்டவாளத்திலிருந்தே வருகிறது. மேல்கம்பி பெரும்பாலும் தோற்றத்துக்காகத்தான். ஆகவே மாதிரி இருவகை இன்ஜினில் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் சுமப்பது ஒலிதான்.

இந்திய மாதிரிக்கு உள்ள தடைகள்

முதல் தடை பாதையின் அகலம். உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. மாதிரிகள் 1:87 அளவில் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகின்றன. அது 1435 மில்லிமீட்டர் பாதைக்கு உரிய சுருக்கம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். சுருக்கினால் சுமார் 19.3 வரும். ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் வித்தியாசம். வெளிநாட்டுத் தண்டவாளத்தில் நம் இன்ஜினை வைத்தால் அகன்ற உடம்பு குறுகிய காலில் நிற்கும். சரியான அகலத்தில் செய்தால் தண்டவாளம், பாயின்ட், சக்கரம் அனைத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டரிலும், 762 மில்லிமீட்டர் குறும்பாதைக்கு 9 மில்லிமீட்டரிலும் ஏற்கெனவே தண்டவாளம் கிடைக்கிறது. அகலப்பாதைக்குத்தான் வழியில்லை. தொடக்கத்தில் 16.5 மில்லிமீட்டரை ஏற்றுக்கொண்டு உடலையும் ஒலியையும் துல்லியமாகச் செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. 19.3இல் பிடிவாதமாக இருந்தால் ஒரு வண்டியும் ஓடாது.

இரண்டாவது தடை விலை. ஒலி டிகோடர் ஒன்றே ஐரோப்பாவில் 100 யூரோவைத் தாண்டும். முழு மாதிரி வண்டியை இறக்குமதி செய்தால், அது பொம்மைகளுக்கான அதே சுங்கப் பிரிவில் வருகிறது. அந்த வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் உள்ளூரில் மாற்று இல்லாத பொருளுக்கு அதே வரி விழுந்தால் வாங்குபவர் விலகிப்போவார், தொழிலும் பிறக்காது.

மூன்றாவது தடை பழக்கம். மாதிரி ரயிலை நாம் பொதுவெளியில் அதிகம் பார்ப்பதில்லை. குவாலியர் அரண்மனையின் விருந்து மேசையில் ஓடிய வெள்ளி ரயில் அரச குடும்பத்தின் ஆடம்பரம். புணேயில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம்தான் எவரும் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கக்கூடிய அரிய முயற்சி. தனி மனிதர் ஒருவரின் ஆர்வத்தில் எழுந்த அதுபோல் ஒவ்வொரு பெருநகரத்திலும் ஒன்று இருந்திருந்தால் இத்தொழில் எப்போதோ வேர்பிடித்திருக்கும்.

ஹைதராபாத் ஏன்?

நிஜாமின் ரயில்வே வாடியிலிருந்து சிகந்தராபாத்துக்கு 1874இல் வந்தது. 1966 அக்டோபர் 2 முதல் தென் மத்திய ரயில்வேயின் தலைமையகம் சிகந்தராபாத். 1957 முதல் இங்கே இயங்கும் ‘இரிசெட்’ என்ற இந்திய ரயில்வே சிக்னல் பொறியியல் நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து வரும் பொறியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. மௌலா அலியில் மண்டல ரயில்வே பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நிலையம், சிக்னல், பாயின்ட் எல்லாவற்றையும் சிறிதாகச் செய்துவைத்துப் பாடம் நடத்தும் மாதிரி அறை, ரயில்வே பயிற்சி நிலையங்களின் பழைய வழக்கம். இந்த நகரத்து ரயில்வேக்காரர்களுக்குச் சிறு ரயில் என்பது விளையாட்டுச் சாமான் அல்ல, பாடக் கருவி.

அதைவிட முக்கியம், நிஜ ரயில்களின் மின்னணு மூளை இங்கே தயாராகிறது. ஹைதராபாத்தின் மேதா சர்வோ டிரைவ்ஸ் நிறுவனம் ஆல்கோ டீசல் இன்ஜின்களுக்கு நுண்செயலிக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்து கொடுத்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் பிறந்து பின்னர் வந்தே பாரத் ஆன வண்டியின் இழுவிசை மின்னமைப்பும் அந்நிறுவனத்துடையது. ரயில்கள் மோதாமல் காக்கும் ‘கவச்’ அமைப்பைச் செய்யும் நிறுவனங்களில் மேதா, எச்.பி.எல்., கெர்னெக்ஸ் ஆகிய மூன்றும் இந்நகரத்தவை. 2022 மார்ச் 4 அன்று குல்லகுடாவுக்கும் சிட்கித்தாவுக்கும் இடையே ரயில்வே அமைச்சர் முன்னிலையில் கவச் செயல்விளக்கம் நடந்தது. தென் மத்திய ரயில்வேயில் 1,465 கிலோமீட்டர் பாதையில் அது நிறுவப்பட்டது. தண்டவாளத்தில் பதித்த ஆர்.எஃப்.ஐ.டி. குறிகளைப் படித்து, தன் அடையாள எண்ணோடு வானொலியில் செய்தி அனுப்பி வாங்கும் கருவியைச் செய்பவர்களுக்கு, முகவரியோடு வரும் டி.சி.சி. கட்டளையைப் படிக்கும் சிறு பலகை எட்டாத ஒன்றல்ல.

டிகோடரில் இருப்பவை ஒரு நுண்கட்டுப்பாட்டுச் சில்லு, நினைவகம், மோட்டார் இயக்கி, ஒலிப்பெருக்கிச் சுற்று ஆகியவைதாம். தரம் பொதுவானது, யாரும் அதைப் படித்துச் செய்யலாம். டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற திறந்த திட்டத்தின் உதவியால் ஆர்டுயினோ பலகையில் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாணவரே கட்ட முடியும். முப்பரிமாண அச்சுக்கும் உலோக வேலைக்கும், தெலங்கானா அரசு 2023 மார்ச்சில் ராய்துர்க்கத்தில் திறந்த டி-ஒர்க்ஸ் முன்மாதிரி மையம் இருக்கிறது. தனித்தனியே இருக்கும் இந்தத் திறமைகளை ஒரு திட்டத்தின் கீழ் சேர்ப்பதுதான் பாக்கி.

முதலில் ஒலிக் காப்பகம்

உடலைப் பின்னாலும் செய்யலாம். வரைபடம் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, அருங்காட்சியகங்களில் நிற்கும் இன்ஜின்களை அளக்கலாம். ஒலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓடாத இன்ஜினிலிருந்து எந்த ஒலியையும் எடுக்க முடியாது. டீசல் இன்ஜின்களுக்கே பெயர்பெற்ற வாரணாசித் தொழிற்சாலை இன்று மின்சார இன்ஜின்களைக் கட்டுகிறது. டபிள்யூ.டி.எம்.-2 வகை ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. எஞ்சிய ஆல்கோ குடும்பமும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

பதிவு செய்ய நல்ல இடம் ஷெட்டிலேயே இருக்கிறது. பழுது பார்த்து முடிந்த டீசல் இன்ஜினை, பளுவைச் செயற்கையாகத் தரும் லோட் பாக்ஸில் இணைத்து, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு நாட்சாக ஏற்றிச் சோதிப்பார்கள். பளு ஏறிய நிலையில், எட்டு நாட்சுகளும் தனித்தனியே, வண்டி நகராமல் கிடைக்கும் வேளை இது. புகைபோக்கிக்கு அருகே ஒரு மைக், ரேடியேட்டர் விசிறிக்கு ஒன்று, கம்ப்ரஸருக்கு ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று. ஹாரனின் இரண்டு சுருதிகளையும் தனியே எடுக்க வேண்டும். 24 பிட், சுருக்கப்படாத கோப்பு. எந்த இன்ஜின், எந்த நாட்ச், எந்தத் தேதி என்ற குறிப்பு கூடவே இருக்க வேண்டும். லாலாகுடாவில் பான்டோ எழுவது முதல் புளோயர் வரை அதேபோல் எடுக்கலாம். ஒரு ஷெட்டுக்குச் சில நாள் வேலை. பெரிய செலவு இல்லை. ஆனால் ஷெட்டுக்குள் போக அனுமதியும், பாதுகாப்புக்கு ரயில்வே ஊழியர் ஒருவரின் துணையும் கட்டாயம் வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று தரப்பினருக்கு. தென் மத்திய ரயில்வே மௌலா அலியிலும் காசிப்பேட்டையிலும் லோட் பாக்ஸ் சோதனைகளைப் பதிவு செய்ய ஒரு குழுவுக்கு அனுமதி தந்து, அந்தப் பதிவுகளை எவரும் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக அறிவிக்க வேண்டும். ஹைதராபாத்தின் பொறியியல் கல்லூரிகள் ஒலி டிகோடரை இறுதியாண்டுத் திட்டமாக மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மோட்டார் கட்டுப்பாடு, எண்ணியல் ஒலி, செய்தி நெறிமுறை மூன்றையும் ஒரே பலகையில் கற்றுத்தரும் பயிற்சி இதுபோல் எளிதில் அமையாது. தமிழ்நாட்டு ஆர்வலர்கள் ஈரோட்டிலும் பொன்மலையிலும் இதே பதிவு வேலைக்குத் தெற்கு ரயில்வேயிடம் இப்போதே மனுக் கொடுக்க வேண்டும். ஒலி கையில் இருந்தால் மாதிரியை 10 ஆண்டு கழித்தும் கட்டிக்கொள்ளலாம். கடைசி ஆல்கோ நின்ற பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தக் குரலை யாராலும் எடுத்துத் தர முடியாது.